அடிபட்டுச்சா என்று முதலில் கேட்ட கடை

ஏழுமலை,

எழுத்து உன் அம்மாவுடையது, பேச்சு என்னுடையது. நான் பேசுகிற மாதிரியே எழுதினால் உன் பெண்டாட்டி தேவி படித்துவிட்டுச் சிரிப்பாள் என்று உன் அம்மா அங்கங்கே திருத்தி எழுதுகிறாள். திருத்தட்டும். ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன். அவளுக்கே தெரியாத விஷயம் ஒன்று வரும், அப்போது பேனாவைக் கீழே வைக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன். "நீ மொதல்ல சொல்லு, வெக்கிறதா இல்லையான்னு அப்புறம் பாக்கறேன்" என்கிறாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ துபாய் போகிறாய். இரண்டு வருஷ ஒப்பந்தம். இன்றைக்குப் புதன். போன வாரம் நங்கநல்லூரில் உன் வீட்டுக்கு வந்தபோது, மாடிப்படியில் என் செருப்பை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாய்: "இந்த ஊர்ல எனக்கு இனிமே நல்ல வேலை கெடைக்காது நைனா. மூணு எடம் பாத்துட்டேன்." நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஏழு, கிடைத்தது. ஆறு மாதத்துக்கு முன்னால், பொங்கல் கழிந்த இரண்டாவது வாரம், நீ முன்னால் வேலை பார்த்த ஆழ்வார்பேட்டை ஏ.சி. பட்டறை ஸ்டெல்லா அக்கா நம்முடைய ஹவுசிங் போர்டு வீட்டுக்கு மூன்று மாடி ஏறி வந்தாள். உன்னைத் திரும்பக் கூப்பிட வந்தாள். நான் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை.

பேனா நின்றுவிட்டது. உன் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கோட்டூர்புரத்துக் கொசுவெல்லாம் அவள் காலில் உட்கார்ந்திருக்கிறது, அதைக்கூடத் தட்டவில்லை. எழுது, முழுக்கச் சொல்கிறேன் என்றேன். எழுதுகிறாள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் பட்டுக்கடையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அந்தக் கதையில் பாதிதான் உனக்குத் தெரியும். பனகல் பார்க் பக்கத்தில் முப்பத்தாறு வருஷம் நின்றேன். வேலை செய்தேன் என்று உன் அம்மா எழுதப் போனாள், நின்றேன் என்றே எழுதச் சொன்னேன். காலை ஒன்பதரைக்குக் கவுண்டருக்குப் பின்னால் போனால் ஷட்டர் இறங்கும் வரைக்கும் நிற்க வேண்டும். அலமாரியில் முதுகு சாயக் கூடாது. கவுண்டரில் கை ஊன்றக் கூடாது. வந்தவர்கள் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள், நாம் ஒரு புடவையைப் பிரித்து, இன்னொன்றைப் பிரித்து, அறுபது புடவையைப் பிரித்து, கடைசியில் "அப்புறம் வரோம்" என்று அவர்கள் போன பிறகு அறுபதையும் மடித்து அடுக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முறை வைத்து விடுவார்கள். குடோனுக்குப் போகிற இரும்புப் படியில் உட்கார்ந்து, மேலே ஏறுகிறவன் கால் தூசி சோற்றில் விழாமல் டப்பா மூடியைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது, நம்பர் தெரியும். அது அந்தக் கடைக்குப் போதுமாக இருந்தது, ஏனென்றால் அங்கே என் பேரே ஒரு நம்பர்தான். "நாப்பத்தொண்ணு, மேல் மாடிக்குப் போ. நாப்பத்தொண்ணு, அந்தம்மாவுக்கு மாம்பழக் கலர் காட்டு." முப்பத்தாறு வருஷத்தில் முதலாளி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஒரு ஐப்பசி. தீபாவளிக் கூட்டம். காலையில் குடித்த டீ ஒன்றுதான் வயிற்றில். மத்தியானம் மூன்றரை இருக்கும், திருச்சியிலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டாருக்குப் புடவை காட்டிக்கொண்டிருந்தேன். கண்ணுக்குள் மஞ்சளாக வந்தது. அப்படியே முகம் குப்புற கவுண்டர் மேல் விழுந்துவிட்டேன். உதடு பிளந்து ரத்தம். முதலாளி கல்லாவிலிருந்து ஓடி வந்தார். நான் தலையைத் தூக்கப் பார்க்கிறேன், அவர் என் முகத்துக்கு அடியில் கையை விட்டுப் புடவையை உருவினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எந்தக் கலர் இது, அரக்கா? சரி, ரத்தம் தெரியாது. ஓரத்துல தண்ணி தொட்டுத் தொடச்சிடு" என்றார். திருச்சிக்காரர்கள் கூட்டத்தில் ஒரு கிழவர்தான் "ஏம்ப்பா, அந்த ஆளுக்கு ஒரு சோடா வாங்கிக் குடுங்க" என்றார். அந்தப் புடவை அன்றைக்கே விற்றுவிட்டது. நான்தான் மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தேன்.

இதை உனக்கு இதுவரைக்கும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய நாள் ஒன்று வந்தது, அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். நீ ஸ்டெல்லா அக்கா பட்டறையில் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வேலை முடிந்து வந்து, கால் கழுவிவிட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்தால் அன்றைக்கு நடந்ததெல்லாம் சொல்லிக்கொண்டே சாப்பிடுவாய். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாய். "நைனா, இன்னிக்கி அடையார்ல ஒரு வூடு. அவுட்டோர் யூனிட்ட எறக்க சொல்ல கயிறு வழுக்கிடிச்சி. கீழ் வூட்டு ஜன்னல் கண்ணாடி மொத்தமும் காலி. வூட்டுக்காரரு அக்காக்கு போன் போட்டு கத்தறாரு. அக்கா போன எங்கிட்ட குடுக்க சொல்லி இன்னா கேட்டாங்க தெர்யுமா? 'ஏழு, உனக்கு அடிபட்டுச்சா? கையக் காட்டு'ங்கறாங்க. போன்ல எப்டி நைனா கையக் காட்டறது?"

உன் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். இப்போதும் இதை எழுதும்போது அவள் உதடு அசைந்தது, நான் பார்த்தேன். நான் சிரிக்கவில்லை. "கண்ணாடியப் பத்தி இன்னாடா சொன்னா?" என்று கேட்டேன். "அத சாயங்காலம்தான் கேட்டாங்க. கயிறு பழசாயிடிச்சி, என் தப்புதான், நாளைக்கே எல்லா கயிறும் மாத்திடலாம்னாங்க." என் தப்பு என்று ஒரு முதலாளி சொன்னதாக நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "எல்லாம் வேசம்டா. வெயில் காலம் வர்தில்ல, ஆளுங்க ஓடிடக் கூடாதுன்னு கொஞ்சறா" என்றேன். நீ அசரவில்லை. "இர்ந்தா இர்ந்துட்டுப் போட்டும் நைனா. கொஞ்சனா நல்லாதான கீது." நான் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டேன். காற்றுக்காகப் போகிறேன் என்றேன். வராந்தாவில் என்றைக்குக் காற்று வந்திருக்கிறது ஏழு? கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நீ சொன்ன மிச்சத்தையும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

அதற்கப்புறம் அது எனக்கு ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது. நீ அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் எழுந்து வராந்தாவுக்குப் போவேன், நின்று கேட்பேன். எல்லாம் எனக்கு மனப்பாடம். ஜன்னலுக்கு வெளியே ஏறுகிற வேலைக்கு ஒருத்தனைத் தனியாக அனுப்ப மாட்டாள், இரண்டு பேர் போனால்தான் வேலை, இல்லாவிட்டால் அந்த வேலையே வேண்டாம் என்பாள். திட்டுகிற வாடிக்கைக்காரரிடம் "எங்க ஆள்கிட்ட கத்தாதீங்க, எங்கிட்ட கத்துங்க" என்பாள். மத்தியானம் ஒரு மணிக்கு ஷட்டர் பாதி இறங்கும், பட்டறையில் இருக்கிற எல்லாரும், அவளையும் சேர்த்து, தரையில் பாய் போட்டு வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சேர்ந்து மூன்று மாதம் ஆனவனுக்கு ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கி, விளிம்பில் அவன் பேரைப் புள்ளி புள்ளியாகப் பொறித்துக் கொடுப்பாள். உன் தட்டு வந்த அன்றைக்கு, உன் பேரில் எத்தனை புள்ளி என்று எண்ணிப் பார்த்ததாகப் பின்னால் ஒரு நாள் சொன்னாயே, அதுவும் கதவுக்குப் பின்னால் கேட்டதுதான். அப்புறம் பீன்ஸ் பொரியல். "அம்மா, ஒரு கை சேத்துப் போடும்மா, அக்காக்கு ஒன் கைப்பக்குவம் புட்ச்சிருக்கு." இரும்புப் படியில் முப்பத்தாறு வருஷம் சாப்பிட்டவனிடம் ஒருத்தன், ஒரே ஒருத்தன், இன்றைக்கு டப்பாவில் என்ன என்று கேட்டிருந்தால் நான் இத்தனை எரிந்திருக்க மாட்டேனோ என்னவோ.

பெற்ற பிள்ளை நன்றாக இருப்பதைப் பார்த்து வயிறு எரிகிறவன் உண்டா என்று உன் அம்மா இப்போது கேட்கிறாள். உண்டு. எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பொம்பளை மேல் எரிச்சல் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை யாரையோ அக்கா அக்கா என்று கொண்டாடுகிறானே என்று. அது கால்வாசி. முக்கால்வாசி உன் மேல்தான். எனக்குக் கிடைக்காதது உனக்கு இவ்வளவு லேசாக, கேட்காமலே கிடைத்ததே என்று.

இனி உன் கல்யாணக் கதைக்கு வருகிறேன். பெண் பார்த்துவிட்டு வந்த மறுநாள் நான் உன்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "தேவி அப்பா கேக்கறாரு, பையன் சந்துக்குள்ள ஒரு பொம்பள நடத்தற பட்டறைலயா கீறான், கம்பெனி கெடையாதான்னு." அவர் கேட்கவில்லை ஏழு. அவர் சொன்னது இதுதான்: "ஏ.சி. மெக்கானிக்கா, நல்ல தொழிலாச்சே." வேண்டுமானால் தேவியை விட்டு அவரிடமே கேள். அந்தப் பொய்யை நான் பஸ்ஸில் வரும்போதே கட்டிவிட்டேன். நீ இரண்டு நாள் யோசித்தாய். மூன்றாம் நாள், சித்திரை வெயில் கொளுத்துகிறபோது, பட்டறைக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதத்தில், நான் பிடித்துத் தள்ளின தள்ளில் வேலையை விட்டு நின்றுகொண்டாய். சொல்லிக்கொள்ளக்கூட ஒழுங்காகச் சொல்லிக்கொள்ளவில்லை. அதனால்தானே இத்தனை நாளும் ஆழ்வார்பேட்டை பக்கம் போனால் தலையைக் குனிந்துகொண்டு வண்டி ஓட்டுகிறாய். பெரிய கம்பெனிச் சட்டை, கழுத்தில் கார்டு. கல்யாணத்தில் அந்தக் கார்டை வாங்கி எல்லாருக்கும் காட்டினேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது.

அப்புறம் வீடு அமைதியாகிவிட்டது. எங்கே போக வேண்டும், எத்தனை நிமிஷத்தில் முடிக்க வேண்டும் என்று போன் சொல்லும், வீட்டுக்காரர்கள் உனக்கு நட்சத்திரம் போடுவார்கள், குறைந்தால் மறுநாள் உன்னைத்தான் கேட்பார்கள், அவர்களை அல்ல. இதெல்லாம் நீ சொன்னதில்லை, தேவி உன் அம்மாவிடம் சொன்னது. எட்டாவது மாடிச் சுவர் விளிம்பில் நீ ஒருத்தனாக நின்றதையும் தேவிதான் சொன்னாள். "எப்டிடா போவுது?" என்று நான் கேட்டால் "ஓடுது நைனா" என்பாய். வருஷத்துக்கு ஒரு கம்பெனி. ஒவ்வொரு தடவையும் சம்பளம் கொஞ்சம் கூடத்தான் வந்தது. ஒவ்வொரு தடவையும் "ஓடுது" என்பதுதான் பதில். ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தால் தட்டைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறாய். நீ பேச்சை நிறுத்திவிட்டால் என் எரிச்சல் அடங்கிவிடும் என்று நினைத்தேன். வராந்தாவுக்குப் போக ஒரு காரணமும் இல்லாமல் சாப்பாட்டை முழுக்கச் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் தெரியாது.

இன்னொன்று இருக்கிறது. இது உனக்காக மட்டும் இல்லை, பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிற யார் கையில் இந்தக் காகிதம் கிடைத்தாலும் படிக்கட்டும். கடைசி ஏழெட்டு வருஷம் என்னைப் பட்டுச் செக்‌ஷனுக்கு மூத்த ஆளாகப் போட்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கவுண்டருக்கு ஒன்றாக ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். என் செக்‌ஷனில் ஒரு ஸ்டூலிலும் ஒருத்தரும் உட்காரவில்லை. நான் விடவில்லை. முதலாளி சொல்லவில்லை, மேனேஜர் சொல்லவில்லை, நானாகத்தான். வனிதா என்று ஒரு பெண், வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள், நல்ல விற்பனைக்காரி. ஒரு நாள் மத்தியானம் கூட்டமே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் போய், "இன்னா, மாமியார் வூட்டுக்கு வந்துகிறியா?" என்றேன்.

"கடையே போட்டுகிற ஸ்டூலுதான அண்ணே. உங்களுக்கு இன்னா?"

"முப்பது வருசம் நான் நின்னேன். ஒரு நாள் உக்காந்துகிறனா?"

"அதுக்கு நாங்க இன்னா அண்ணே பண்றது?" என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டாள். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டு நின்றுவிட்டாள். அவளோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நாப்பத்தொண்ணு, ஒன் செக்‌ஷன்ல மட்டும் ஆளே நிக்க மாட்டேங்குதே, ஏன்?" என்றார். இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வளையாது சார், பொறுமை கிடையாது சார் என்றேன். என்னை மாதிரி யாராலும் முடியாது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. இப்போது யோசித்தால் தெரிகிறது, அவர்களைத் துரத்தினது நான்தான். சம்பளம் அடுத்த கடையிலும் அதேதான். என்னோடு நிற்க முடியாமல்தான் போனார்கள். நான் முப்பத்தாறு வருஷம் இருந்தேனே என்றால், அந்தக் கடை பிடித்துப்போய் இருக்கவில்லை. எழுத்து தெரியாதவன் வேறு எங்கே போய் என்ன கேட்பது என்று பயந்து இருந்தேன். பயத்தில் தங்கினவனையும் பிடித்துத் தங்கினவனையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். கடைசி நாளன்று கடை பேர் பொறித்த ஒரு எவர்சில்வர் தூக்கு கொடுத்தார்கள். கடை பேர்தான், என் பேர் இல்லை.

அந்தத் தூக்குக்குள்தான் ஸ்டெல்லா அக்கா எழுதிக் கொடுத்த காகிதம் இருக்கிறது.

அவள் வந்த அன்றைக்கு உன் அம்மா மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அந்தம்மா முட்டி வலிக்க மாடி ஏறி வந்து, வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். நான் நினைத்திருந்த மாதிரி பகட்டாக இல்லை. ஸ்கூட்டர் ஓட்டி முகமெல்லாம் புழுதி. "ஏழுவோட நம்பர் மாறிடுச்சுங்க, அதான் நேர்ல வந்தேன். எங்க மூத்த மெக்கானிக் ராமு அண்ணனுக்கு முடியல. பட்டறைய ஏழு பாத்துக்கிட்டா நல்லாருக்கும். எங்க பசங்களே அவனத்தான் கேக்கறாங்க" என்றாள். உட்காருங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். "அவன் பெரிய கம்பெனில கீறாம்மா. வர மாட்டான்" என்றேன். "அவன்கிட்ட கேட்டுட்டு ஒரு வார்த்த சொல்லுங்க" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். கிழித்துப் போடப் பார்த்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத காகிதத்தைக் கிழிக்கப் பயம். தூக்கில் போட்டு மூடிப் பரண்மேல் வைத்துவிட்டேன்.

உன் அம்மா ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து அதை எடுத்துவிட்டாள். நான் எடுக்கிறேன் என்றால் "நீ ஒண்ணும் எடுக்க வாணாம்" என்கிறாள். காகிதத்தில் இருப்பதை அப்படியே இங்கே எழுதுகிறாள்: "ஏழுமலை, ராமு அண்ணன் முட்டி போயிடுச்சு. பட்டறையைப் பார்த்துக்கொள்கிறாயா? சித்திரையில் விட்டுவிட்டுப் போனதுக்குக் கோபம் இருந்தது. இப்போ இல்லை. ஒரு மணிக்கு வந்தால் சாப்பிட்டுக்கொண்டே பேசலாம். அக்கா." ஆறு மாதமாக என் தலைக்கு மேல் பரணில் இருந்தது இவ்வளவுதான்.

நேற்று நான் அங்கே போனேன். நீ துபாய் என்று சொன்னதிலிருந்து தூக்கம் இல்லை. பஸ் பிடித்து ஆழ்வார்பேட்டையில் இறங்கி, சந்து எது என்று விசாரித்துப் போய்ச் சேரும்போது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரியே பாய், வட்டம். ஒரு பையன் "இன்னா தாத்தா, ஏ.சி. ரிப்பேரா? ஒரு அரை அவர் கழிச்சி வாங்க" என்றான். "என் மகனே மெக்கானிக்குதான்" என்றேன். அந்தம்மா திரும்பிப் பார்த்தாள். "ஏழுவோட அப்பாவா? வாங்க, உக்காருங்க" என்றாள். "பரவால்லம்மா, நின்னுக்கினே பேசறேன்" என்றேன். பழக்கம். ராமு அண்ணன் இரண்டு முட்டியிலும் பட்டை கட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்தார். "யோவ், நீ நின்னா எங்களுக்கு சோறு எறங்காது. உக்காருய்யா" என்றார். உட்கார்ந்தேன். ஒரு கடைக்குள், கடை திறந்திருக்கிற நேரத்தில், நான் உட்கார்ந்து சாப்பிட்டது என் வயசில் நேற்றுதான்.

சுவர்ப் பலகையிலிருந்து ஒரு தட்டை எடுத்துத் துடைத்து எனக்குப் போட்டார்கள். சாப்பிடும்போது விளிம்பில் விரலுக்குப் புள்ளி புள்ளியாகப் பட்டது. "யார் பேரு இது?" என்றேன். ராமு அண்ணன்தான் சொன்னார்: "ஒம்புள்ள பேருதான்யா. புச்சா வந்தவன் ஒருத்தன் கேட்டான், அக்கா உடல. வேற வாங்கித் தர்றேன்னுச்சி." மூன்று வருஷமாக அந்தத் தட்டு அங்கேயே இருக்கிறது. எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை. வயிறு எரிந்தது. விட்டுவிட்டுப் போனவனுக்கே இப்படி ஓர் இடம் வைத்திருக்கிறார்களே, இருந்தவனுக்கு என் பட்டுக்கடையில் என்ன இருந்தது என்று. உள்ளதைச் சொல்கிறேன்.

அந்தம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "வர மாட்டேன்னு சொன்னது ஏழுவா, நீங்களா?"

"நாந்தாம்மா."

"ஏங்க?"

நான் தட்டு விளிம்பில் இருந்த புள்ளியைத் தடவிக்கொண்டிருந்தேன். பத்துப் பேர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். அவள் ரசப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அப்புறம், "ரசம் ஊத்தட்டுமா?" என்றாள். ஊற்றிக்கொண்டேன். கிளம்பும்போது சொன்னாள், ராமு அண்ணன் இன்னும் அரைநாள் அரைநாளாக வந்து போகிறார், அம்பத்தூரிலிருந்து ஒருத்தர் அந்த வேலைக்குத் திங்கட்கிழமை பேச வருகிறார், அதுவரை யாருக்கும் வாக்கு கொடுக்கவில்லை. அவள் ஏன் என்று கேட்டதற்கு என் பதில்தான் இந்தக் கடிதம் முழுக்க. அவளுக்கும் நீ படித்துக் காட்டினால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

துபாய்க்குப் போகிறாய் என்றால் போ. டிக்கெட் வந்துவிட்டது, ஏஜெண்டுக்கு வாக்கு கொடுத்துவிட்டாய், அந்த நாட்டில் நல்ல முதலாளி இருக்க மாட்டான் என்றும் நான் சொல்லவில்லை. வேறு வழி இல்லாமல் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு மட்டும் போகாதே. வழி இருந்தது, நான் அடைத்தேன். இப்போது திறந்து வைத்திருக்கிறேன். நீ பட்டறையைப் பார்த்துக்கொள்வதென்று ஆனால் உனக்கு ஒன்றே ஒன்று. நீ எட்டாவது மாடி விளிம்பில் தனியாக நின்றவன். நாளைக்குச் சின்னப் பையன் ஒருத்தன் பயமாயிருக்கு அண்ணே என்பான். நானும் நின்னேன், நீயும் நில்லு என்று உன் வாயில் வந்துவிடும், பார். ரொம்ப சுலபமாக வரும். அந்த வார்த்தை வந்தால் அது உன் வார்த்தை இல்லை, என்னுடையது. துப்பிவிடு.

உன் அம்மா நாளைக் காலையில் முதல் பஸ்ஸில் இதை நங்கநல்லூருக்கு எடுத்து வருகிறாள். என்னோடு எப்போது பேசுவாள் என்று தெரியவில்லை, எழுதி முடித்ததும் யோசிக்கிறேன் என்கிறாள். நீயும் எத்தனை நாள் பேசாமல் இருக்க வேண்டுமோ இரு. சனிக்கிழமை பட்டறை உண்டு. ஒரு மணிக்கு ஷட்டர் பாதி இறங்கும். பீன்ஸ் வாங்கி வைத்திருக்கிறாள், ஒரு கை சேர்த்தே போடச் சொல்கிறேன்.

அப்புறம் ஒன்று. நீ அங்கே போய்ச் சேர்ந்து, பழையபடி ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து சாப்பிட உட்கார்ந்து, அக்கா இன்னா சொன்னாங்க தெர்யுமா என்று ஆரம்பித்தால், நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவேன். இந்த வயசில் அது மாறாது. நீ நிறுத்தாதே. கொஞ்சம் சத்தமாகவே சொல். வராந்தாவில்தான் நிற்பேன்.

உன் நைனா